நாலரை வருடம் நன்றாக இருந்த குடும்பத்திடம் வீட்டை விடச் சொல்லி எப்படிப் பேச்சை எடுப்பது?

கல்லடிக்காரி:

மட்டக்களப்பு, கல்லடி உப்போடையில் எங்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. பழைய வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். புது வீடு மகளுக்கென்று அவர் இருக்கும்போதே அத்திவாரம் போட்டது. அவர் போன பிறகு நான் தட்டுத் தடுமாறி 2020இல் கட்டி முடித்தேன். மகளுக்குக் கொழும்பில் வேலை. வீடு சும்மா கிடந்தால் கறையான்தான் குடியிருக்கும் என்று 2021 ஆவணியில் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தேன். வாடகைக்கு வந்த தம்பி ஒரு நிதி நிறுவனத்தில் வேலை, மனைவி வீட்டில், இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த வருடம் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள்.

இப்போது மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. நம்ம பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு இல்லாமல் என்ன கலியாணம்? மாப்பிள்ளை வந்து ஏறப்போகிற வீட்டில் இன்னொரு குடும்பம் சோறு சமைக்கிறது. பங்குனி முடியப் போகிறது, நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

சாதாரண வாடகைக்காரர் என்றால் சொல்லியிருப்பேன். 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் முருங்கைக்குக் கீழே மூன்று கல்லை வைத்து அந்தத் தம்பியின் மனைவியும் நானும் ஒரே அடுப்பில்தான் சமைத்தோம். முதலில் அவர்கள் சோறு, பிறகு எங்கள் சோறு, கடைசித் தணலில் அம்மாவுக்குச் சுடுதண்ணீர். அம்மா விழுந்து இடுப்பை உடைத்த இரவு ஓட்டோ பிடித்து வந்ததும் அந்தத் தம்பிதான்.

அதற்காகப் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாடகை 18,000. 2021இல் பேசியதுதான், இன்றுவரை கூட்டவில்லை. முன்பெல்லாம் 5ஆம் திகதி கையில் இருக்கும். இந்த ஆறேழு மாதமாக 10,000 ஒரு நாள், மிச்சம் 20க்குப் பிறகு என்று துண்டு துண்டாக வருகிறது. வாடகை பிந்துகிற மாதத்தில் வேலிக்கு மேலால் வருகிற கறிக் கிண்ணம் பெரிசாக இருக்கும். போன மாதம் கணவாய்க் கறி. அதைச் சாப்பிட்டுவிட்டு நான் என்னத்தைக் கேட்கிறது? வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதற்குள் ஏதாவது பலகாரம் போட்டு அனுப்புவார். இப்படியே ஓடுகிறது. கரண்ட் மீற்றரும் ஒன்றுதான், பில்லைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறோம். அதிலும் எனக்கு மனக்குறை இருக்கிறது. சொன்னதில்லை.

சாடையாகச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. கிணற்றடியில் நின்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம், "ஆவணிக்குள்ள பெயின்ற் அடிக்கணும்" என்றேன். அம்மாவுக்குக் காது மந்தம், "என்ன, ஆட்டுக்குப் புல்லா?" என்று கேட்டார். பிறகு மேசனைக் கூட்டி வந்து அவர்கள் வீட்டுச் சுவரை அளக்க வைத்தேன். அவர்கள் மேசனுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, இன்னொரு அலுமாரி வைக்க இடம் வருமா என்று கேட்டார்களாம். வட்ஸ்அப்பில் ஏழு தரம் எழுதி ஏழு தரம் அழித்தேன். கடைசியில் போனது பூப்படம் போட்ட காலை வணக்கம்.

மச்சான் ஒருவர் இருக்கிறார், "நான் வந்து ரெண்டு வார்த்தை கதைக்கிறன்" என்கிறார். அவருடைய இரண்டு வார்த்தை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எழுத்தில் இருப்பது ஒரு வருடத்துக்கென்று கைப்பட எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்த ஒரு காகிதம். அது முடிந்தே மூன்றரை வருடமாகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்?


ஒலுவில் போடிங்:

சகோதரி, எனக்கு ஒலுவில் கெம்பஸுக்குப் பக்கத்தில் எட்டு அறை, எல்லாம் மாணவர்கள். குடும்ப வாடகை போல இல்லைதான், ஆனால் வருடத்துக்கு வருடம் ஆள் மாறுகிறபடியால் போகச் சொல்வதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

முதலில் ஒரு கேள்வி. அட்வான்ஸ் வாங்கினீங்களா, அது இப்போது எங்கே? நீங்கள் எழுதின இவ்வளவு நீளத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். போகிற ஆள் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், அவர் நம்பியிருப்பது உங்களிடம் கிடக்கிற காசைத்தான். அதைக் கொடுக்காமல் போ என்றால் எங்கே போவார்?

வட்ஸ்அப் விசயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எட்டு அறைக்கும் சேர்த்து ஒரு குறூப் வைத்திருக்கிறேன். மோட்டர் பழுது, தண்ணீர்த் தாங்கி கழுவுகிற நாள், கேற் பூட்டுகிற நேரம், இவைக்கு அது நல்லது. ஒரு தடவை கோபத்தில் ஒரு பொடியனின் பாக்கியை அந்தக் குறூப்பிலேயே போட்டுவிட்டேன், அறை நம்பரோடு. அன்றைக்கு மஃரிப் தொழுகைக்கு முதல் காசு வந்தது. மறுநாள் அவன் பெட்டியோடு போய்விட்டான். அடுத்த கிழமை அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் போனார்கள். 4,500 ரூபாய்ப் பாக்கிக்கு மூன்று கட்டில் ஆறு மாதம் காலி. அதற்குப் பிறகு காசுக் கதை என்றால் தனி ஆள், நேரில், கதவுக்கு வெளியே நின்று. பேசி முடித்த பிறகு அதையே இரண்டு வரியில் அவருக்கு மட்டும் எழுதி அனுப்புவேன். "இன்று பேசினபடி மிச்சம் 15ஆம் திகதி" என்று. சிங்களப் பிள்ளைகள் என்றால் இன்னொரு பிள்ளையைக் கொண்டு சிங்களத்தில் எழுதுவிப்பேன். என் அரைகுறைச் சிங்களத்தில் ஒருமுறை "வாடகை கூடுகிறது" என்பது "வாடகை வேண்டாம்" என்று போய்ச் சேர்ந்தது.

கரண்ட் பில்லைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது இரண்டு பேருக்கும் நட்டம். வீட்டுப் பாவனையில் 60 அலகு வரைக்கும் ஒரு விலைப்பட்டியல். 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல், பிறகு 90, 120, 180 என்று படி ஏற ஏற அலகு விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். நீங்கள் 50, அவர்கள் 70 என்று வையுங்கள். தனி மீற்றர் இருந்தால் நீங்கள் கீழ்ப்படியில் நிற்பீங்க. ஒரே மீற்றரில் சேர்ந்து 120க்குப் போய் நிற்கிறீங்க. அதைப் பாதியாக வெட்டும்போது உங்கள் அம்மாவின் ஒரு பல்பும் ஒரு காற்றாடியும் அவர்களின் பிரிட்ஜுக்குக் காசு கட்டுகிறது. அடுத்த ஆளுக்குக் கொடுக்க முதல் தனி மீற்றருக்கு எழுதிப் போடுங்க. அது வரும்வரைக்கும் உள்ளே ஒரு சப் மீற்றராவது போட்டு, மாதக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று வாசிங்க. ஒரு பக்கம் மட்டும் வாசித்தால் அதிலும் சந்தேகம் வரும்.


காற்று:

பைப்பைப் பூட்டுங்க, கரண்ட நிப்பாட்டுங்க. ஒரு கிழமையில தானா போவாங்க. இதுக்கு ஏன் இவ்வளவு கதை.


பழைய குமாஸ்தா:

மேலே காற்று என்ற பெயரில் எழுதியவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் 26 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எங்கள் கந்தோருக்கு வந்த வீட்டுக்காரரில் பாதிப்பேர் இப்படிப் பைப்பைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஆளை வெளியே போடவோ பூட்டை மாற்றவோ உங்களுக்கு உரிமை இல்லை. பூட்டை மாற்றினால் அவர் நேரே பொலிசுக்குப் போவார். சண்டை வரும் நிலை என்றால் பொலிஸ் "66 வழக்கு" போடும். 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அது. வீடு யாருடைய பெயரில் என்று அதில் பார்ப்பதில்லை. யார் இருந்தார், கடைசி இரண்டு மாதத்துக்குள் யாரை வெளியே தள்ளினார்கள் என்றுதான் பார்க்கும். தள்ளப்பட்டவரையே திருப்பி உள்ளே விடச் சொல்லும். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் மகள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (உறுதிகளை எழுதிச் சான்றுபடுத்துபவர்) முன்னால், இரண்டு சாட்சி வைத்து எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகையாக அது செல்லாது. முத்திரை ஒட்டினால் போதும் என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள், போதாது. ஆகவே அவரை மாத வாடகைக்காரர் என்றுதான் எடுக்க வேண்டும். மாத வாடகையை முடிக்கக் குறைந்தது ஒரு முழு மாத அறிவித்தல் தேவை, அந்த மாதக் கடைசியோடு முடிகிற மாதிரி. அதோடு 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வேறு இருக்கிறது. அதன் பாதுகாப்புக்குள் வருகிற வீடு என்றால் ஒரு மாத அறிவித்தலோடு கதை முடியாது. உங்கள் வீடு வருமா வராதா என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்குச் சபை அறவிடும் சோலைவரித் துண்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அரை மணித்தியால வேலை.

2023இல் 1ஆம் இலக்கமாக ஒரு சட்டம் வந்தது. குத்தகைக்காலம் முடிந்தும் விட்டுப் போகாத இடத்தை மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் மீளப் பெறலாம். அதற்கு ஒழுங்காக எழுதின குத்தகை வேண்டும், அது உங்களிடம் இல்லை. அடுத்த முறை நொத்தாரிசிடம் போவதற்கு இதையே காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மா, நீங்கள் எழுதினதைப் பார்த்தால் இது வழக்குக்குப் போகிற விசயம் அல்ல. பேச்சு இழுபட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள், சட்டத்தரணி தேவையில்லை. அதற்கும் முன்னால் அவர்கள் விறாந்தை இருக்கிறது. மச்சானை மட்டும் அனுப்ப வேண்டாம். எங்கள் கந்தோரில் நான் கண்ட கோப்புகளில் மச்சான் வந்த கோப்புகள்தான் தடிப்பு.


இடமாற்றம்:

நான் மற்றப் பக்கம். யாழ்ப்பாணத்து ஆள், ஆசிரியை. மட்டக்களப்பில் 11 வருடத்தில் இது என்ர ஐந்தாவது வாடகை வீடு. அக்கா, கோவிக்காதேங்கோ, சாடை பேசுகிறதைப் போல வாடகைக்கு இருக்கிறவைக்குப் பொல்லாத விசயம் வேறு இல்லை.

என்ர இரண்டாவது வீட்டுக்கார அம்மா ஒன்றுமே சொல்லமாட்டா. திடீரென்று ஒருநாள் மோட்டர் போடமாட்டா. இன்னொரு நாள் எங்கள் உடுப்புக் கொடி அறுந்து கிடக்கும். நாங்கள் இரவில் கட்டிலில் இருந்து ஆராய்ச்சி செய்வோம், நேற்று என்ன செய்தோம், ஆர் வந்தது, மீன் பொரிச்சதோ என்று. கடைசியில் பார்த்தால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் நாங்கள் மீன் காய்ச்சினது அவவுக்குப் பிடிக்கேல்லை. எங்கட ஊரில் அப்படி வழக்கமில்லை, எங்களுக்குத் தெரியாது. முதல் நாளே ஒரு வசனம் சொல்லியிருந்தால் ஒரு கிழமை மரக்கறி சாப்பிட்டிருப்போம். சொல்லாமல் இரண்டு வருடம் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறா.

உங்கள் மேசனை அளக்க விட்டீர்கள் அல்லவா, அந்த வீட்டில் அன்று இரவு நித்திரை இருந்திருக்காது. அலுமாரிக் கதை எல்லாம் சும்மா, பயத்தில் கேட்டிருப்பினம். அவைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

சொல்லும்போது திகதியோடு சொல்லுங்கோ. "கொஞ்சம் பார்த்து வேறு இடம் தேடுங்கோ" என்றால் அது எந்த மாதம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆடி மாதத்தில் ஆரும் வீடு மாறமாட்டினம், ஆவணியில் உங்களுக்குக் கலியாணம். அப்ப ஜூலை நடுப்பகுதிக்கு முன்னால் அவை போக வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வருடம், பள்ளிக்கூடமும் ரியூசனும் மாறாத தூரத்தில் வீடு வேண்டும். அதை அவை கேட்க முதல் நீங்களே கேளுங்கோ. வாடகைப் பாக்கியையும் கரண்ட் கணக்கையும் அன்றைக்குத் தொடாதேங்கோ. எல்லாத்தையும் ஒரே மூச்சில் சொன்னால், கலியாணம் ஒரு சாட்டு, காசுதான் காரணம் என்று நினைப்பினம்.

இன்னொன்று, கறிக் கிண்ணத்தை லஞ்சமாக நினைக்க வேண்டாம். காசு கொடுக்க முடியாத மாதத்தில் முகத்தில் முழிக்க ஒரு வழி அது. நானும் அனுப்பியிருக்கிறேன்.


கல்லடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஒலுவில் தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அட்வான்ஸ் 1,20,000 வாங்கினேன். அது அம்மா விழுந்த பிறகு பழைய வீட்டுக் குளியலறைக்கு வழுக்காத டைல்ஸும் கைபிடியும் போடப் போய்விட்டது. அதனால்தான் இவ்வளவு நாளும் என் வாய் எழும்பவில்லை போலிருக்கிறது. எழுதும்போதுதான் எனக்கே அது விளங்குகிறது.


ஒலுவில் போடிங்:

விளங்கினால் சரி. அரைவாசியாவது புரட்டிக்கொண்டு போங்க. மிச்சத்துக்குத் திகதி எழுதிக் கொடுங்க. வாடகையில் கழிக்கலாம் என்று அவர் சொன்னாலும் முழுவதையும் கழித்துவிட வேண்டாம், அவருக்குக் கையில் காசு வேண்டும்.


கல்லடிக்காரி:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். சித்திரைக்கு முன்னால் வேண்டாம் என்று விட்டேன். வருசம் பிறந்து இரண்டாவது ஞாயிறு பின்னேரம் போனேன். சீட்டுக் காசு 60,000 கிடைத்தது, அதை ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டேன். அவர்களை இங்கே கூப்பிடவில்லை, நான்தான் அவர்கள் விறாந்தைக்குப் போய்ப் படியில் இருந்தேன். பிள்ளை உள்ளே வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். தம்பியின் மனைவி தேத்தண்ணீர் போட எழும்பினாள், பொறு புள்ள, முதல் சொல்லிவிடுகிறேன் என்றேன். தேத்தண்ணீர் வந்தால் எனக்குப் பேச்சு மாறிவிடும்.

மகளுக்கு ஆவணியில் கலியாணம், வீடு வேணும், ஜூலை 12க்குள் மாறினால் எனக்கு வேலை செய்யக் காணும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தம்பி சொன்னான், "அக்கா, மேசன் வந்த அண்டே தெரியும். அதுக்கு முதல் மாசியிலேயே அம்மா வேலியடியில சொன்னவ, பேத்திக்குச் சரிவந்திட்டு எண்டு. நீங்க சொல்லாம நாங்க எப்பிடிக் கேக்கிற?"

அம்மாவுக்குக் காதுதான் மந்தம், வாய் அல்ல.

கடித உறையை நீட்டினதும் அவன் வாங்காமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "குறை நினைக்காதீங்க அக்கா" என்று தொடங்கி மெல்லமாகச் சொன்னான். கலியாணப் பேச்சு நடக்கிறது என்று போன வருடமே சாடைமாடையாகக் காதில் விழுந்ததாம். நாவற்குடாவில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்களாம். குளியலறை வேலை நடந்தபோது என் அட்வான்ஸ் எங்கே போகிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டதாம். திரும்பி வருமோ வராதோ என்ற பயத்தில் மாதம் மாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறான். வாடகை துண்டு துண்டாக வந்தது அதனால்தான். எனக்கு அந்தப் படியில் இருக்கவே வெட்கமாக இருந்தது. அவனுக்கும் வெட்கம். அவள்தான் எழும்பிப் போய்க் கேத்தலை வைத்தாள்.

மிச்ச 60,000ஐ ஜூன் 30இல் தருவதாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, இரண்டு போனிலும் படம் எடுத்தோம். கடைசி மாத வாடகை வேண்டாம் என்றேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை, பாதியில் முடிந்தது. நாவற்குடாவிலிருந்து பள்ளிக்கூடம் தூரமில்லை, ஆனால் ரியூசன் எங்கள் ஒழுங்கையில். பரீட்சை முடியும்வரைக்கும் பிள்ளை பள்ளிவிட்டு வந்து எங்கள் வீட்டில் இருந்து படித்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார், என்னைக் கேட்காமலே. கரண்ட் கதையை அன்று எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஒலுவில் தம்பி எழுதினதைப் போனில் காட்டினேன். அவன் வாசித்துச் சிரித்துவிட்டு, இந்த மாதம் பில்லில் மூன்றில் இரண்டு நான் கட்டுகிறேன் என்றான்.

இப்போது ஒரு கேள்விதான் மிச்சம். 2022இல் அவன் சொந்தக் காசில் ஒரு 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கி வாங்கி வைத்தான். கழற்றிக்கொண்டு போகவா, நீங்கள் எடுக்கிறீங்களா என்று கேட்கிறான். எடுத்தால் நல்லதுதான், பைப் எல்லாம் அதற்குப் பொருத்தியாயிற்று. என்ன விலை சொல்வது?


ஒலுவில் போடிங்:

புதுத் தாங்கியின் இன்றைய விலையைக் கடையில் கேட்டு அதில் பாதி. விலை பேச முதல் தாங்கியை வடித்து, நடுவெயிலில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்க. அடியில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் அந்த வெளிச்சத்தில் தெரியும். இருந்தால் வேண்டாம், அவனே கொண்டு போகட்டும்.